மேடைக்கு முந்தைய பக்கங்கள்

கிடாரின் எஃகுக் கம்பியை அழுத்திப் பழகுகிறவர்களின் விரல்நுனியில் ஒரு வாடை தங்கிவிடும். இரும்பும் வியர்வையும் கலந்த வாடை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. தம்பி மகள் கல்லூரியில் சேர்ந்த கையோடு ஒரு கிடார் வாங்கியிருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அப்பளம் எடுத்து வைத்தாள். அந்த விரல்களிலிருந்து வந்த வாடை என்னைத் தாம்பரத்தில் ஒரு விடுதி அறைக்குக் கொண்டுபோய்விட்டது.

என் அறைத் தோழன் ஷில்லாங்காரன். அவன் ஊரில் தேவாலயத்தில் பாடிப் பழகிய பிள்ளைகள் அப்படியே ராக் குழுக்களுக்குப் போய்விடுவார்களாம். அவனுடைய தகரப் பெட்டியில் துணிமணியைவிடக் கேசட்டுகளே அதிகம். கூடவே அட்டை பிய்ந்த சில ஆங்கிலப் புத்தகங்கள். நானோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளையராஜாவோடும் சிலோன் ரேடியோவோடும் வந்து சேர்ந்தவன். இரவில் அவன் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து சுருதி சேர்ப்பான். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவன் கொடுத்த புத்தகத்தை அகராதியின் துணையோடு படிப்பேன். ஜெர்ரி ஹாப்கின்ஸும் டேனி சுகர்மனும் சேர்ந்து எழுதிய, டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசனின் வாழ்க்கை வரலாறு அது. பெயர் 'நோ ஒன் ஹியர் கெட்ஸ் அவுட் அலைவ்'. மாரிசன் 27 வயதில் பாரிஸில் இறந்துபோய் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1980இல் வந்த புத்தகம். எங்கள் விடுதியில் அது அறை அறையாகச் சுற்றியது. நடுவில் கழன்ற பக்கங்களை யாரோ ஜெராக்ஸ் எடுத்துச் செருகி வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாட்டு வருவதற்கு முன்பே பாடியவரின் கதை வந்துவிடும். டோர்ஸின் நான்கைந்து பாடல்கள்தான் அவனிடம் கேசட்டில் இருந்தன. மற்றவற்றைப் பற்றி நான் படித்திருந்தேனே தவிரக் கேட்டதில்லை. எப்படி இருக்கும் என்று மனதுக்குள்ளேயே ஒரு மெட்டைப் போட்டுக்கொள்வேன். பிறகு எப்போதாவது, பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் வெற்றுக் கேசட்டையும் பட்டியலையும் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் அந்தப் பாட்டு கைக்கு வரும். இன்று தம்பி மகளுக்கு எல்லாப் பாட்டும் கைப்பேசியில் இருக்கிறது. அவளுக்கு இல்லாதது கதைதான்.

"பெரியப்பா, இவங்கள்லாம் எங்கேருந்து வந்தாங்க, எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னு ஒரு புக் சொல்லுங்களேன். நெட்ல தேடினா நூறு காட்டுது. எதைப் படிக்கிறதுன்னு தெரியல."

அவள் ஊருக்குப் போன பிறகு அலமாரிக்கு முன்னால் நின்று யோசித்தேன். ராக் இசைக்காரர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். அண்ணா சாலை நடைபாதைக் கடைகளிலும், அமெரிக்கத் தூதரக நூலகத்திலும், நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கின் தரையில் சம்மணமிட்டும், இப்போது கிண்டிலிலும். இத்தனை படித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். இந்தப் புத்தகங்களின் உயிர் முதல் பாதியில் இருக்கிறது. வாடகைக் கிடார், பசி, ஒழுகும் அறை, யாருமே கேட்காத ஒரு பாட்டு. புகழ் வந்த பிறகு எல்லாருடைய கதையும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. அதே விமானங்கள், அதே போதை, அதே வழக்கறிஞர்கள். ஆகவே நான் நம்பிக் கைகாட்டும் புத்தகங்கள், மேடைக்கு முந்தைய காலத்தில் நிதானமாக நின்று எழுதப்பட்டவை.

முதலில் பேட்டி ஸ்மித்தின் 'ஜஸ்ட் கிட்ஸ்'. 2010இல் வந்தது, அந்த ஆண்டின் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. 1967 கோடையில் நியூ ஜெர்சியின் தென்பகுதியிலிருந்து ஓர் இளம்பெண் நியூயார்க்குக்குக் கிளம்புகிறாள். பேருந்து நிலையத்துக்கு வந்து பார்த்தால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது; கையில் அவ்வளவு பணம் இல்லை. யாருக்காவது போன் செய்யலாம் என்று தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைகிறாள். அங்கே யாரோ மறந்துவிட்டுப் போன பர்ஸ் கிடக்கிறது. உள்ளே 32 டாலர். அந்தப் பணத்தில்தான் அவள் நியூயார்க் போய்ச் சேர்கிறாள். அங்கே ராபர்ட் மேப்பிள்தார்ப்பைச் சந்திக்கிறாள். பின்னாளில் உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர். அப்போது அவளைப் போலவே காசில்லாத பையன்.

அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். இருப்பதோ ஒரு டிக்கெட்டுக்கான காசு. ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வெளியே காத்திருக்கும் மற்றவருக்கு ஒவ்வொரு படமாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இருவரும் சேர்ந்து உள்ளே போவோம், உள்ளே இருப்பது நம் படைப்பாக இருக்கும் என்று ராபர்ட் சொல்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவர்கள் 1969இல் செல்சீ ஹோட்டலில் குடியேறியது, புத்தகக் கடையில் பேட்டி பார்த்த வேலை, கையேந்தாத குறையாகக் கழிந்த மாதங்கள் எல்லாமே ஒரு பிரார்த்தனையின் சிரத்தையோடு எழுதப்பட்டிருக்கின்றன. 1975இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'ஹார்சஸ்'. அதன் அட்டைப் படத்தை எடுத்தவர் ராபர்ட். அந்த ஆல்பத்துக்குப் பின் வந்த புகழைப் புத்தகம் அநேகமாகத் தொடுவதே இல்லை. 1989இல் எய்ட்ஸ் நோயால் ராபர்ட் இறப்பதற்கு முன், நம் கதையை எழுதுவேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கை இருபது ஆண்டுகள் சுமந்திருந்து நிறைவேற்றியிருக்கிறார். ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்களுக்கு இதுதான்.

பாப் டிலனின் 'குரோனிக்கிள்ஸ்' முதல் தொகுதி 2004இல் வந்தபோது பலருக்கு ஏமாற்றம். உலகமே அவரைப் பற்றிப் பேசிய அறுபதுகளின் நடுப்பகுதியை அவர் அப்படியே தாண்டிப் போய்விடுகிறார். எனக்கோ அதுதான் புத்தகத்தின் பெருமை. 1961 குளிரில் நியூயார்க் வந்து, அடுத்தவர் வீட்டு சோபாவில் படுத்து, அந்த வீட்டுப் புத்தக அலமாரிகளைக் கரைத்துக் குடிக்கும் பையன்தான் அதில் நாயகன். பொது நூலகத்தில் மைக்ரோபிலிமில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துச் செய்தித்தாள்களைப் படிக்கிறான். பாட்டுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கலாம். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

டிலனை நியூயார்க்குக்கு இழுத்ததே ஒரு தன்வரலாறுதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாட்டுப்பாடகர் உடி கத்ரி 1943இல் எழுதிய 'பவுண்ட் ஃபார் குளோரி'. அதைப் படித்துவிட்டு, நியூ ஜெர்சி மருத்துவமனையில் ஹண்டிங்டன் நோயோடு கிடந்த கத்ரியைப் பார்க்கப் போய், அவருடைய பாடல்களை அவருக்கே பாடிக் காட்டியிருக்கிறார். மெட்டுப் போடாத பாடல்கள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன, போய் எடுத்துக்கொள் என்று கத்ரி சொல்கிறார். டிலன் ரயில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், சதுப்பு நிலத்தில் இறங்கிக் குளிரில் நனைந்து அந்த வீட்டை அடைகிறார். கத்ரியின் மனைவி வீட்டில் இல்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் கத்ரியின் மகன், சிறுவன் ஆர்லோவுக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. வெறுங்கையோடு திரும்புகிறார். அதே பாடல்கள் பிறகு பில்லி பிராக்கிடமும் வில்கோ குழுவிடமும் போய், 1998இல் 'மெர்மெய்ட் அவென்யூ' என்ற ஆல்பமாக வந்தன.

'குரோனிக்கிள்ஸ்' நூலின் சில வரிகளும் சொற்றொடர்களும் வேறு நூல்களிலிருந்தும் பழைய இதழ்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். நாட்டுப்பாடகர்கள் பழைய மெட்டை எடுத்துப் புதிய பாட்டுக் கட்டுவதைப்போல அவர் உரைநடையையும் கட்டியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேதிவாரியான உண்மை வேண்டுபவர்கள் வேறு நூலுக்குப் போகலாம்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சூஸி ரொட்டோலோவின் 'எ ஃப்ரீவீலின் டைம்'. 1963இல் வந்த டிலனின் இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில், பனி படர்ந்த தெருவில் அவருடைய கையைப் பற்றிக்கொண்டு நடக்கும் பெண் இவர்தான். அந்த அட்டையை விடுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். அந்தப் பெண்ணின் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேசட் உறையிலும் இல்லை. 2008இல் அவர் தன் கதையை எழுதினார். க்வீன்ஸில், கம்யூனிஸ்ட் ஈடுபாடுள்ள இத்தாலிய அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். டிலனைச் சந்திப்பதற்கு முன்பே கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய அமைப்பில் வேலை செய்தவர். ஓவியர். ஒரு மேதையின் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு என்னென்ன எதிர்பார்ப்புகள் சுமத்தப்பட்டன என்பதைக் குற்றஞ்சாட்டாமல், ஆனால் விட்டும் கொடுக்காமல் எழுதியிருக்கிறார். 'குரோனிக்கிள்ஸ்' காட்டும் கிரீனிச் வில்லேஜை இந்த நூல் மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. இதை அவர் எழுதாமல் போயிருந்தால் அந்தத் தெருவின் பாதிக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

பெண்கள் எழுதியவை என்றதும் டீனா டர்னரின் 'ஐ, டீனா' நினைவுக்கு வருகிறது. பத்திரிகையாளர் கர்ட் லோடரோடு சேர்ந்து 1986இல் வெளியிட்டது. நடைபாதைக் கடையில் வாங்கி, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னடா படிக்கிறே என்றவருக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். டென்னசி மாநிலத்தில் நட்புஷ் என்ற சிற்றூர்; பருத்திக் காட்டில் வளர்ந்த அன்னா மே புல்லக் என்ற பெண். அவளை மேடையேற்றி, பெயரை மாற்றி, பின்பு வருடக்கணக்காக அடித்த கணவன் ஐக் டர்னர். 1976 ஜூலையில் டல்லஸ் நகரில், அடிபட்டு வீங்கிய முகத்தோடு, கணவன் தூங்கும் நேரம் பார்த்து விடுதி அறையை விட்டு வெளியேறுகிறாள். கையில் 36 செண்ட் காசும் ஒரு பெட்ரோல் அட்டையும். விரைவுச் சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறத்து ஹோட்டலில் போய் அடைக்கலம் கேட்கிறாள்.

அம்மா கீரையை முறத்தில் அப்படியே வைத்துவிட்டார். மணவிலக்கு வழக்கில் அவள் சொத்து, பணம், பாட்டு உரிமை எதுவும் வேண்டாம், டீனா டர்னர் என்ற பெயர் மட்டும் போதும் என்றாள் என்று நான் சொன்னதும், "பின்னே? அந்தப் பேருக்குத்தானே ஊரு கூடுச்சு. அதை உண்டாக்கினது அவதானே" என்றார். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாத அம்மாவுக்கு அந்தக் கதையில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1984இல், 44 வயதில், 'பிரைவேட் டான்சர்' ஆல்பத்தோடு டீனா திரும்பி வந்தார் என்று சொன்னபோது அம்மா முகத்தில் வந்த மலர்ச்சியை நான் எந்த மதிப்புரையிலும் கண்டதில்லை.

கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' கனமான புத்தகம். ஜேம்ஸ் ஃபாக்ஸ் துணையோடு 2010இல் எழுதியது. அதில் போதையும் போலீஸும் வேண்டிய மட்டும் உண்டு. அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். தாத்தா கஸ் வரும் பக்கங்களில் மட்டும் நின்றுவிடுவேன். தாத்தா வீட்டில் பியானோ மேல் ஒரு கிடார் எப்போதும் சாய்ந்திருக்கும். சிறுவனுக்கு அது எட்டாது. எப்போது எட்டுகிறதோ அப்போது எடுத்துக்கொள் என்பார் தாத்தா. அது வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறது என்றுதான் பேரன் நினைத்திருந்தான். பேரன் வரப்போகிறான் என்று தெரிந்தால் மட்டும் தாத்தா அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து அங்கே வைப்பார் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவருகிறது. இப்படித் தூண்டில் போட ஒரு தாத்தா வாய்ப்பது பெரும் கொடுப்பினை.

1961இல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் அவர், பின்னாளில் தன் குழுவில் பாடப்போகும் மிக் ஜாகரைச் சந்தித்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். இருவரும் சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆனால் அன்று பேச்சைத் தொடங்கி வைத்தது ஜாகரின் கையில் இருந்த சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். சிகாகோவுக்குப் பணம் அனுப்பித் தபாலில் வரவழைத்தவை. அந்தச் சந்திப்பைப் பற்றி 1962இல் தன் அத்தைக்குக் கீத் எழுதிய கடிதமும் புத்தகத்தில் இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் நண்பர்களைக் கண்டுபிடித்தோம். மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கும் கேசட்டின் முதுகைப் பார்த்து, சைதாப்பேட்டை வருவதற்குள் பேசத் தொடங்கி, பழவந்தாங்கலில் முகவரி வாங்கிவிடுவோம். இன்று அத்தனை பேர் காதிலும் பாட்டு ஓடுகிறது. யார் என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் டு ரன்' நூலை ஏழு ஆண்டுகள் தன் கையாலேயே எழுதி 2016இல் வெளியிட்டார். ஏழு வயதில் எல்விஸைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கிடார் கேட்டு அழுத மகனுக்கு அம்மா ஒரு கிடாரை வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறார். பிஞ்சுக் கைக்கு அது அடங்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாளன்று, தெருப் பிள்ளைகளைக் கொல்லைப்புறத்தில் கூட்டி, வாசிக்கத் தெரியாத அந்தக் கிடாரைத் தட்டி ஆடி ஒரு கச்சேரியே நடத்திவிடுகிறான். அந்தப் புத்தகத்தின் நடுமையம் அப்பா. விளக்கை அணைத்துவிட்டு அடுக்களையில் பீரோடும் சிகரெட்டோடும் உட்கார்ந்திருக்கும் மனிதர். மனநோய் என்று மிகத் தாமதமாகத்தான் கண்டறியப்படுகிறது. மகனுக்கு முதல் குழந்தை பிறக்கப்போகும் நேரத்தில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் பல நூறு மைல் காரோட்டி வந்து, நான் உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்கிறார். தனக்கும் வந்த மனச்சோர்வைப் பற்றியும் ஸ்பிரிங்ஸ்டீன் மறைக்காமல் எழுதுகிறார். நம் வீடுகளில் பேசாத அப்பாக்கள் நிறைய. இந்தப் புத்தகத்தை இசையில் ஈடுபாடே இல்லாதவர்களுக்கும் நான் கொடுத்திருக்கிறேன்.

மேடைக்குப் பிந்தைய காலத்தை எழுதி என்னை வென்றவர் ஒருவர் உண்டு. லண்டனின் ஸ்லிட்ஸ் குழுவில் கிடார் வாசித்த விவ் ஆல்பர்டீன். உடை, இசை, பையன்கள் என்று மூன்று சொற்களை மும்மூன்று முறை அடுக்கித் தலைப்பு வைத்து 2014இல் வெளியிட்டார். இசைத்தட்டைப்போலவே நூலையும் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று பிரித்திருக்கிறார். முதல் பக்கம் பங்க் காலம். இரண்டாம் பக்கத்தில் குழு கலைந்துவிட்டது. கருத்தரிக்கப் பட்ட பாடு, புற்றுநோய், வீட்டு வாழ்க்கை, பிறகு ஐம்பதை ஒட்டிய வயதில் மறுபடி கிடாரைக் கையிலெடுப்பது. சின்னச் சின்ன மதுக்கூடங்களில் நடுங்கும் கையோடு அவர் பாடும் இடங்களில், மறுபடி அதே மேடைக்கு முந்தைய பதற்றமும் நேர்மையும் வந்துவிடுகின்றன.

அடுத்தவர் எழுதிய வரலாறுகளில் பீட்டர் குரால்னிக்கின் 'லாஸ்ட் டிரெய்ன் டு மெம்பிஸ்' எனக்கு அளவுகோல். எல்விஸ் பிரெஸ்லியின் கதையை இரண்டு தொகுதிகளாக எழுதினார். இது 1994இல் வந்த முதல் தொகுதி. பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லாமல், அந்தந்த நாளில் அந்தந்த மனிதருக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் வைத்து எழுதுகிறார். 1954 ஜூலையில் சன் ஸ்டூடியோவில், பதிவு சரியாக அமையாமல் ஓய்வெடுக்கும் நேரத்தில், 19 வயதுப் பையன் ஆர்தர் கிரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் பழைய பாட்டு ஒன்றைத் துள்ளலோடு பாடத் தொடங்குகிறான். உடன் வாசிக்க வந்திருந்த இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். சில நாளில் அது மெம்பிஸ் வானொலியில் ஒலிபரப்பாகிறது. பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லித் தொலைபேசிகள் அலறுகின்றன. பையனோ கூச்சத்தில் சினிமாக் கொட்டகையில் போய் ஒளிந்திருக்கிறான். பெற்றோர் இருட்டில் வரிசை வரிசையாகத் தேடி அவனை வானொலி நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அறிவிப்பாளர் அவன் படித்த பள்ளியின் பெயரைக் கேட்கிறார். பாடியவன் வெள்ளையன் என்று நேயர்களுக்கு அப்படித்தான் தெரிவிக்க வேண்டியிருந்தது. பள்ளிகள் நிறவாரியாகப் பிரிந்திருந்த ஊர் அது. அந்த ஒரு கேள்விக்குள் ராக் இசையின் பிறப்பும் அதன் அநீதியும் சேர்ந்தே இருக்கின்றன. கிரூடப்புக்கு அந்தப் பாட்டால் உரிய பணம் கடைசிவரை வந்து சேரவில்லை.

பீட்டில்ஸைப் பற்றி எத்தனையோ நூல்கள். மார்க் லூயிசனின் 'டியூன் இன்' 2013இல் வந்தபோது, எண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் கதை 1962 டிசம்பரோடு நின்றுவிடுவதைப் பார்த்துச் சிலர் திகைத்தார்கள். அதுவரை அந்த நால்வரின் ஒரே ஒரு இசைத்தட்டு மட்டுமே அவர்கள் பெயரில் முறையாக வெளிவந்திருந்தது. எனக்கென்றே எழுதினாரோ என்று தோன்றியது. லிவர்பூல் துறைமுகத்துக் குடும்பங்களின் பூர்வீகம், ஹாம்பர்க் மதுக்கூடங்களில் இரவு முழுக்க வாசித்த மணிநேரங்கள், யாருக்கு யார் எவ்வளவு கடன் என்பது வரை இருக்கிறது. மூன்று பாகம் என்று சொல்லித் தொடங்கினார். அடுத்த பாகத்துக்காக என்னைப் போன்றவர்கள் இன்னும் காத்திருக்கிறோம். இதற்கிடையில் முதல் பாகத்தின் விரிவான பதிப்பு ஒன்று இரண்டு புத்தகங்களாக வந்திருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும். கதை அதிலும் அதே 1962 டிசம்பரில்தான் முடிகிறது. அடுத்த மாதம் வாங்குவதாக இருக்கிறேன்.